நங்கூரம் இளைக்கிறது

கதவைத் தட்டுவதற்கு முன் எலிசியோ பாக்கா தொப்பியைக் கழற்றி இடது கக்கத்தில் வைத்துக்கொள்வார். ஷாம்பெயின் பாட்டில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தட்டிவிட்டுக் கொஞ்சம் பின்வாங்கி, நாய் எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒரு நோட்டம். கதவு திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"காலங்காத்தால தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கணும். உங்க குதிரைக் கொட்டிலுக்குப் பின்னாடி என் பொண்டாட்டி எறங்கியிருக்கா."

பலூன் இறங்கியிருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொண்டாட்டிதான் இறங்குவார். வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தோடு ஜன்னலை எட்டிப் பார்ப்பார். குதிரைமசால் வயலில் மஞ்சள் பலூன் ஒன்று பாதிக் காற்றோடு சாய்ந்து கிடக்கும். பக்கத்தில் பிரம்புக் கூடைக்குள் நின்றபடி ஒரேலியா அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டிருப்பார். அப்போதுதான் எலிசியோ பாட்டிலை முன்னால் நீட்டுவார். யாருடைய நிலத்தில் இறங்குகிறோமோ அவருக்கு ஒரு பாட்டில் கொடுப்பது பலூன்காரர்களின் மரியாதை. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாமலிருப்பது எங்கள் பள்ளத்தாக்கின் மரியாதை. இந்த இரண்டு மரியாதைகளும் மோதிக்கொண்டதில் உருவானதுதான் எலிசியோவின் தொப்பை.

பலூனைக் காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் அது போகும். மேலே ஒரேலியா அக்கா, கீழே டிரெய்லர் மாட்டிய பிக்கப் வண்டியில் எலிசியோ. முப்பது வருஷமாக இப்படித்தான். எங்கள் நியூ மெக்சிகோவில், கொராலெஸிலிருந்து பெர்னலீயோ வரை ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் அவர் உட்கார்ந்து காப்பி குடிக்காத சமையலறை கிடையாது. எந்த வீட்டில் சோளமடலில் பொதிந்து அவிக்கும் தமாலேயின் மாவு மெத்தென்று இருக்கும், எந்த வீட்டு நாய் பூட்ஸை மட்டும் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மற்ற நேரங்களில் அவர் வீடுகளுக்கு ஏர்கூலரும் ஹீட்டரும் பழுது பார்ப்பவர். எங்கள் ஊரில் இரண்டும் கூரைமேல்தான் இருக்கும். அவர் ஏணியில் ஏறும்போது வீட்டுக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பலூன் கூட்டத்தில் அவருக்கு நங்கூரம் என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை. காற்று நிரம்பிய பலூன் கிளம்பத் துடிக்கும்போது, பைலட் "எடை போடு!" என்று கத்துவார். உடனே நாங்கள் எல்லோரும் கூடையின் விளிம்பில் வயிற்றைக் கொடுத்துச் சாய்ந்து அதைத் தரையில் அழுத்திப் பிடிக்கவேண்டும். "கையெடு!" என்றதும் விலகிவிட வேண்டும். மற்ற குழுக்களில் ஆறு பேர் சாய்வார்கள். எங்கள் குழுவில் எலிசியோ சாய்ந்தால் போதும், மற்ற இருவரான நானும் டெல்ஃபினோவும் ஒப்புக்குக் கை வைப்போம். காற்று பலமாக இருக்கும் நாட்களில் பக்கத்துக் குழுக்காரர்கள் ஓடிவந்து, "அண்ணே, ஒரு நிமிஷம் எங்க கூடைக்கு வாங்களேன்" என்று இரவல் கேட்பார்கள். அவரும் பெருமையாகப் போய்ச் சாய்ந்துவிட்டு வருவார்.

ஆனால் அவர் ஒருமுறைகூடப் பலூனில் ஏறியதில்லை. ஒரேலியா அக்காவின் பலூன் சின்னது. அக்காவின் அப்பா விட்டுப்போனது. 'லா தெர்கா' என்று பெயர், ஸ்பானிய மொழியில் பிடிவாதக்காரி என்று அர்த்தம். அதில் பைலட்டும் இன்னொரு அளவான ஆளும்தான் ஏறலாம். பெரிய பலூன் வைத்திருக்கும் நண்பர்கள் எத்தனையோ பேர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள்.

"என் பொண்டாட்டி ஓட்டுறதுல ஏறாதவன் ஊரான் ஓட்டுறதுல ஏறுவேனா? வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்கய்யா" என்பதுதான் அவருடைய பதில்.

போன ஜனவரியில் பலூனை வருடாந்திரப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். துணியை ஒரு கருவியில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். பரிசோதகர் இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்த வருஷம் தாங்கும், அடுத்த வருஷம் கிழிந்துவிடும், அக்டோபர் முடிந்ததும் மடித்து வைத்துவிடுங்கள் என்றார். ஒரேலியா அக்கா தலையை மட்டும் ஆட்டினார். திரும்பி வரும் வழியில் பாலத்தைத் தாண்டும்போது எலிசியோ சொன்னார்.

"அப்போ அக்டோபருக்குள்ள நான் ஏறணும்."

"எதுல?" என்றார் அக்கா.

"பிடிவாதக்காரியில. ஒன்கூட."

அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமையல் மேசையில் உட்கார்ந்து கூடை, காற்றைச் சூடாக்கும் பர்னர், வாயு சிலிண்டர், துணி, தன் எடை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தார். காலைக் குளிரில் அந்தப் பலூன் தூக்கக்கூடிய மீதியைச் சொன்னார். இருநூற்று இருபது பவுண்டு. எலிசியோ அதைவிட அறுபது பவுண்டுக்கும் மேலே இருந்தார்.

"கேப்டன், ஒரு சிலிண்டர கொறைச்சுக்கிட்டா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"வாயுவ கொறைச்சுப் புருஷன ஏத்துற பைலட் நான் இல்ல. இருநூத்தி இருபது. ஒரு அவுன்ஸ் ஏறினாலும் நீ கீழ, நான் மேல."

அப்படித் தொடங்கியது எங்கள் நங்கூரம் இளைத்த கதை. நல்லபடியாகத் தொடங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதருக்கு எதிலும் நிதானம் கிடையாது. பிப்ரவரி முழுக்க எலும்புச்சாறும் எலுமிச்சைத் தண்ணீரும்தான். எடை மளமளவென்று இறங்கியது. பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் காட்டிக்கொண்டு ஊர் முழுக்கத் திரிந்தார். கூடவே முகம் சாம்பல் பூத்தது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார், ரேடியோவில் வந்த ஒரு ரொட்டி விளம்பரத்தைக் கேட்டுக் கண் கலங்கினார். ஒருநாள் கூரைமேல் ஹீட்டர் பார்க்கப் போனவர் தலை சுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம். செல்போனில் பொண்டாட்டியைத்தான் கூப்பிட்டார்.

நானும் அக்காவோடு போனேன். அக்கா ஏணியடியில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எலிசியோ, நான் பலூன எறக்கணும்னா என்ன பண்ணுவேன்?"

மேலேயிருந்து ஈனக்குரல் வந்தது. "எறக்குவே."

"எப்படி எறக்குவேன்? பர்னர அணைச்சுருவேனா?"

"மாட்டே."

"ஏன்?"

"அணைச்சா எறங்காது... விழும்."

"கொஞ்சம் கொறைச்சு எரிச்சா?"

மேலே பூட்ஸ் உரசும் சத்தம் கேட்டது. அப்புறம், "மெதுவா எறங்கும்" என்றார். "சரி கேப்டன், புரிஞ்சுபோச்சு. ஒரு முட்டையும் டார்ட்டியா ரொட்டியும் மேல அனுப்பு, எறங்கி வர்றேன்."

அன்றிலிருந்து அவர் பேச்சு மாறிவிட்டது. உடம்பு ஒரு நாளைக்கு இவ்வளவு எரிக்கிறது, உள்ளே போவது அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும், மிச்சத்தை அது சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதை யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டு மறந்துவிடலாம். சிலிண்டர் மாற்றி மாற்றிக் கை காய்த்தவருக்கு அது மறக்கக்கூடிய விஷயமில்லை. ஏர்கூலர் பார்க்கப் போன வீட்டுப் பெண்களிடம் எல்லாம் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த தடுமாற்றம் பொட்டலங்களில் வந்தது. உள்ளே போவது குறைந்தால் போதுமென்றால் எதைத் தின்றால் என்ன என்று ஒரு யோசனை. கலோரியை அட்டையில் அச்சடித்து விற்கும் பிஸ்கட்டுகள், கொழுப்பு நீக்கிய சிப்ஸ், சாக்லேட் வாசனை வரும் மரத்தூள் போன்ற பார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் காலை ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் பத்து மணிக்கு வயிறு கூப்பாடு போடும். பத்தரைக்கு அவர் டெல்ஃபினோவின் சாப்பாட்டுப் பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டெல்ஃபினோ எங்கள் குழுவில் மூன்றாவது ஆள். தபால்காரர். வண்டியில் நாள் முழுக்க ரேடியோ கேட்பவர் ஆகையால் உடம்பைப் பற்றி உலகத்தில் உள்ள எல்லா யோசனைகளும் அவரிடம் இருந்தன. ஒன்றையாவது அவர் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

"தலைவரே, பொழுது சாஞ்சப்புறம் சாப்பிட்டா அப்படியே கொழுப்பாயிடும், தெரியும்ல?"

"ஏன்டா, என் வயித்துல கடிகாரமா மாட்டியிருக்கு?"

"அப்போ டார்ட்டியாவ விடுங்க. மாவுதான் விஷம்."

"எங்க தாத்தா சாகுற வரைக்கும் டார்ட்டியா தின்னாரு. ஏணிக்குச் சட்டை போட்ட மாதிரி இருந்தாரு. அவரு நாளெல்லாம் கலப்பைக்குப் பின்னாடி நடந்தாரு. நான் நாளெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். தப்பு டார்ட்டியா மேலயா, என் மேலயா? நீ மொதல்ல கையில இருக்கிற டார்ட்டியா சுத்தின பரிட்டோவக் கீழ வச்சுட்டுப் பேசு."

டெல்ஃபினோ கீழே வைக்கவில்லை. பேசுவதைத்தான் நிறுத்தினார்.

எலிசியோவைப் பொட்டலங்களிலிருந்து மீட்டது பின்ட்டோ பீன்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரேலியா அக்கா பெரிய பானை நிறைய வேகவைத்தார். பன்றிக்கொழுப்பு போடாமல், பூண்டும் பச்சை மிளகாயும் மட்டும் போட்டு. கூடவே இளம்பூசணியும் சோளமும் வதக்கியது, தோலுரித்த கோழி. எலிசியோ ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். மதியம் இரண்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, எனக்குப் பசிக்கல."

"ஏண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. பசிக்கல, அதான் சொல்றேன். அந்தப் பொட்டலம் எல்லாம் அடுப்புல பேப்பரப் போட்ட மாதிரி, குப்புனு எரிஞ்சு போயிடுது. இது கட்டை. நின்னு எரியுது."

அதற்கப்புறம் அந்த வீட்டுச் சமையலே மாறிவிட்டது. முட்டை, பீன்ஸ், கீரை, ஆப்பிள், கறியென்றால் கொழுப்பில்லாத துண்டு. டார்ட்டியா உண்டு, அடுக்கு கிடையாது. வறுத்த எங்கள் ஊர்ப் பெரிய பச்சை மிளகாயை மட்டும் அளவில்லாமல் அள்ளிப் போட்டுக்கொள்வார். எவ்வளவு தின்றாலும் கணக்கில் ஏறாத பொருள் அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்த நாளில் அவர் ஆடிய ஆட்டத்தை நான் பார்த்தேன். "ஆண்டவன் நியூ மெக்சிகோக்காரனுக்குன்னே குடுத்தது" என்று மிளகாய்க் காம்பைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

வசந்தகாலம் முழுக்க எடை சீராக இறங்கியது. வாராவாரம் ஒரு பவுண்டு, ஒன்றரைப் பவுண்டு. முகத்தில் தாடை என்று ஒன்று தென்பட்டது. மேல்சட்டைப் பித்தான்களுக்கு நடுவே தெரிந்த வாய்கள் மூடிக்கொண்டன. வீட்டுக்காரர்கள் அவர் கூரையில் நடக்கும்போது டி.வி. பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஜூன் மாதம் அந்த இறக்கம் நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அவரும் விடாமல்தான் இருந்தார். சிலிண்டர்களைத் தானே தூக்கினார், கடைக்கு நடந்தே போனார், பீன்ஸைக்கூட அளந்து சாப்பிட்டார். எடை மெஷினின் முள் நகரவில்லை. நல்ல மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது. தோற்றுப்போவாரோ என்று முதன்முதலாகப் பயந்தேன்.

"கொழுப்பு கொறையுது கேப்டன், அது எடத்துல தசை ஏறுது, அதான் எடை காட்டல" என்றார் ஒருநாள்.

"இருக்கட்டும். பலூனுக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்கு ரெண்டும் சொமைதான்" என்றார் அக்கா.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை பலூன் லுடிவினா அம்மாவின் பழத்தோட்டத்து ஓரத்தில் இறங்கியது. அன்று கதவைத் தட்டப் போனபோது எலிசியோ என்னையும் கூட அழைத்துப் போனார். லுடிவினா அம்மாவுக்கு அவர் புதியவரில்லை. பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, கேட்காமலே ஒரு தட்டை எடுத்தார். எண்ணெயில் உப்பிய சோபபியா, மேலே தேன். எலிசியோ மேடைமேல் சாய்ந்து நின்றபடியே மூன்றை முடித்தார். "உங்க தேன் போன வருஷத்த விட நல்லாருக்கும்மா" என்றார். அந்த அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. இரண்டு தமாலே வந்தது. அதுவும் போனது. கிளம்பி வரும்போது கையில் ஒரு கைக்குட்டை நிறைய பிஸ்கொச்சீட்டோ, பன்றிக்கொழுப்பில் பிசைந்து சோம்பு போட்டுச் சுட்டது. வண்டிக்கு வந்து சேர்வதற்குள் கைக்குட்டை காலி.

வண்டியில் ஏறியதும் கேட்டேன். "அண்ணே, காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு முட்டை, கொஞ்சம் கீரை, கறுப்புக் காப்பி. அவ்வளவுதான் தங்கச்சி. அப்பவும் எறங்க மாட்டேங்குது பாரு."

மனிதர் பொய் சொல்லவில்லை. கண்ணில் அப்படி ஒரு கள்ளமில்லாத சோகம்.

"இப்போ உள்ள தின்னது?"

"எது, லுடிவினாம்மா வீட்டுலயா?" என்று என்னை வினோதமாகப் பார்த்தார். "அது சாப்பாடா? அது வேலையாச்சே!"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வெளியே நின்ற டெல்ஃபினோ டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டார். முப்பது வருஷமாகக் கதவு தட்டி, நிலத்துக்காரர்களைச் சமாதானப்படுத்திச் சாப்பிட்டது எல்லாம் அவர் மனதில் பலூன் வேலையின் ஒரு பகுதி. கயிறு சுற்றுவது போல, துணி மடிப்பது போல. வசந்தகாலத்துப் பலத்த காற்று ஓய்ந்து ஜூனில்தான் மறுபடி வாராவாரம் பறக்க ஆரம்பித்திருந்தோம். நின்றுகொண்டே தின்றதை எல்லாம் வயிறு எடுத்துக்கொண்டதே தவிர, அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மெல்லப் புரியவைத்தபோது முகம் சிவந்து, பிறகு தானும் சிரித்துவிட்டார். "அப்போ ஜூன் மாசம் பூரா வேலை பார்த்தே பெருத்திருக்கேன்!"

ஆனால் சிக்கல் தீரவில்லை. அந்த வீடுகளில் வேண்டாமென்று தட்டைத் தள்ளினால் அடுத்த முறை வேலிக்கதவு திறக்காது. லுடிவினா அம்மாவின் முகம் வாடுவதை எலிசியோவால் பார்க்க முடியாது. எடை குறைவதைவிட அது அவருக்குப் பெரிய விஷயம். இரண்டு நாள் யோசித்துத் தானே வழி கண்டுபிடித்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்குவார். முதல் வாயை மட்டும் கண்ணை மூடி ரசித்து மெல்வார், மனதாரப் புகழ்வார். அப்புறம் குரலைத் தாழ்த்துவார்.

"அம்மா, வெளிய என் ஆளுங்க ரெண்டு பேரு இருட்டுலயே எந்திரிச்சு வந்து பசியோட நிக்கிறாங்க. நான் மட்டும் இத முழுங்கினா எனக்கு எறங்குமா?"

எந்தத் தாய் மனசு தாங்கும்? தட்டு இரட்டிப்பாகித் துணியில் கட்டி வெளியே வரும். அந்தப் பசித்த ஆட்கள் நானும் டெல்ஃபினோவும்தான். ஆகஸ்டில் எலிசியோவின் முள் மறுபடி இறங்க ஆரம்பித்தது. செப்டம்பரில் டெல்ஃபினோவுக்குத் தபால் சீருடையில் ஒரு அளவு பெரியது கேட்டு எழுத வேண்டியதாயிற்று. என் விஷயத்தை விடுங்கள். "எடை போடு!" என்று அக்கா கத்தியபோது நாங்கள் இருவரும் சாய்ந்தே கூடை அசையாமல் நின்றது. எலிசியோ எங்களைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "எடை எங்கயும் போகல தங்கச்சி. குழுவுக்குள்ளயேதான் இருக்கு."

அக்டோபர் கடைசி ஞாயிறு. ஆற்றோரக் காட்டன்வுட் மரங்கள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன. மறுநாளிலிருந்து பலத்த காற்று என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டதால் பிடிவாதக்காரி பறக்க அந்தக் காலைதான் மிச்சம். எலிசியோ இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திறங்கினார். வீட்டு எடை மெஷினில் இருநூற்றுப் பத்தொன்பது காட்டியதாம். சிலிண்டர் நிறுக்கும் பெரிய மெஷினை அக்கா புல்வெளியில் வைத்தார். பயணிகள் யாராக இருந்தாலும் அதில் ஏறித்தான் ஆகவேண்டும்.

எலிசியோ ஏறினார். முள் இருநூற்று இருபத்தாறில் நின்றது.

"மெஷின் தப்பு!" என்று டெல்ஃபினோ கத்தினார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார் அக்கா. "வீட்டுல எப்படி நின்னே?"

எலிசியோ தரையைப் பார்த்தார். "உள்ளாடையோட."

வீட்டில் யாருமே அப்படித்தான் நிறுத்துப்பார்ப்பார்கள். உடுப்பும் பூட்ஸும் கூடவே பறக்கும் என்பதை அவர் நினைத்துப்பார்க்கவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே கோட்டைக் கழற்றினார். பெல்ட், கத்தி, சில்லறை, தொப்பி எல்லாம் புல்லில் விழுந்தன. இருநூற்று இருபத்து மூன்று. பூட்ஸைக் கழற்றக் குனிந்தபோது அக்கா தடுத்தார்.

"அது வேணாம். எறங்குறப்போ கால் ஒடிஞ்சா யாரு பாக்குறது? வெறுங்காலோட எவனையும் நான் ஏத்தினதில்ல, ஒன்னையும் ஏத்த மாட்டேன்."

"அக்கா, மூணே மூணு பவுண்டுதானே" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவதுபோலக் கேட்டது. "வாயு கொஞ்சம்..."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். எல்லா வருஷமும் அந்தப் பிடிவாதம்தான் எங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்காக அன்று அந்தப் பிடிவாதத்தின்மேல் எனக்குக் கோபம் வராமல் இல்லை. பிப்ரவரியிலிருந்து அந்த மனிதர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

எலிசியோ மெஷினிலிருந்து இறங்கினார். கோட்டைப் போட்டுக்கொண்டார், பெல்ட்டை மாட்டினார். பொருட்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். முகத்தில் சிரிப்பைக் கொண்டுவரப் பார்த்தார், வரவில்லை.

"சரி கேப்டன். காத்து தெக்குப் பாத்து அடிக்குது. பாலத்துகிட்ட நிக்கிறேன். நீ போயிட்டு வா" என்றார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பிக்கப்பை நோக்கி நடந்தார். பின்னாலிருந்து பார்க்கையில் சட்டை முதுகில் தளர்வாக ஆடியது. பலூன் நிமிர்ந்து, கூடை தரையில் உரசிக்கொண்டிருந்தது. "எடை போடு!" என்றார் அக்கா. நானும் டெல்ஃபினோவும் சாய்ந்தோம்.

அக்கா கூடையில் ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்கினார். தூக்கியவர் கீழே வைத்துவிட்டு, நழுவிய ஜீன்ஸைப் பிடித்து இடுப்புக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த மாதம் முழுக்க அப்படித்தான் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார், நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. அவரும் கவனித்திருக்கவில்லை போலும். இப்போது இடுப்பில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எலிசியோ, நில்லு" என்றார்.

அவர் திரும்பினார். அக்கா நேராக மெஷினிடம் போனார். பைலட் உரிமம் வாங்கிய வருஷம் நிறுத்துக்கொண்டதோடு சரி, அதற்கப்புறம் அவர் மெஷினில் ஏறியதை ஒருவரும் பார்த்ததில்லை. கூடைக்கு இவ்வளவு, பர்னருக்கு இவ்வளவு என்பதுபோலத் தனக்கும் அந்தப் பழைய எண்ணையே கூட்டிவந்தார். நாங்களும் அதையே நம்பினோம். வசந்தகாலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரே பானையில்தான் சமையல், ஒரே மேசையில்தான் சாப்பாடு என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கையுறையோடு, கோட்டோடு, பூட்ஸோடு அக்கா மெஷினில் ஏறி நின்றார். முள் எந்த எண்ணில் நின்றது என்று எழுதினால் எனக்கு இனி அந்தக் குழுவில் இடம் கிடைக்காது. பழைய எண்ணைவிட ஒன்பது பவுண்டு குறைவு என்று மட்டும் சொல்கிறேன். அக்கா அதை இரண்டுமுறை குனிந்து பார்த்தார். உதடு அசைந்து கணக்குப் போட்டது, இருநூற்று இருபதும் ஒன்பதும். பிறகு நிமிர்ந்தார், முகம் முழுக்க ஒரு சின்னப் பெண்ணின் சிரிப்பு.

"ஏறு" என்றார்.

எலிசியோ புல்லில் வேகமாக வந்தார், கூடையின் விளிம்பில் சாய்ந்திருந்த எங்களுக்கு நடுவே புகுந்தார். முப்பது வருஷமாக வேறொருவர் தொட அனுமதிக்காத அந்த வண்டிச் சாவியை, மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டு, ஒரு காலைத் தூக்கிக் கூடைக்குள் போட்டார்.